ஆறு வாளி, ஒரே தண்ணீர்: மாடித் தக்காளிக்கான ஆர்டிடபிள்யூசி பராமரிப்பு

ஆர்டிடபிள்யூசி என்பது மண்ணில்லாமல், வாளிகளுக்கும் ஒரு டிரம்முக்கும் இடையே சுற்றும் உரத் தண்ணீரில் வேரை விட்டு வளர்க்கும் முறை. இதில் எல்லாச் செடியும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. ஒரு வாளியில் வேர் அழுகத் தொடங்கினால் மற்ற வாளிகளுக்கும் அது சுற்றிவந்துவிடும். அதே காரணத்தால் ஓர் இடத்தில் சோதித்தாலே மொத்த அமைப்பின் நிலையும் தெரிந்துவிடும். காலையில் மாடிக்குப் போனதும் நான் இலையைப் பார்ப்பதில்லை, டிரம்மைத்தான் திறக்கிறேன். இலை சொல்வது நாலு நாள் பழைய சேதி.

பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் இருப்பது இவ்வளவுதான்: 20 லிட்டர் எமல்ஷன் பெயின்ட் வாளி ஆறு, மூடி போட்ட 50 லிட்டர் டிரம் ஒன்று. வாளிகளை அடிப்பக்கம் 2 அங்குலக் குழாய் இணைக்கிறது. டிரம்மில் உள்ள பம்ப் தண்ணீரைக் கடைசி வாளிக்குத் தள்ளும். அங்கிருந்து வாளி வாளியாகக் கடந்து தானே டிரம்முக்குத் திரும்பும். ஒவ்வொரு வாளியிலும் ஏர் பம்பின் காற்றைக் குமிழியாக விடும் ஓர் ஏர் ஸ்டோன். மொத்தம் சுமார் 120 லிட்டர் ஓடுகிறது.

நான் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் குழாய் விஷயத்தில் கொஞ்சம் கறார். பலர் செலவை மிச்சம் பிடிக்க அரை அங்குலக் குழாய் போடுகிறார்கள். தக்காளி வேர் வளர்ந்து அதற்குள் நுழைந்ததும் ஒரு வாளி வழியும், அடுத்தது வற்றும். ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போகவே வேண்டாம். இணைப்புக்கு டேங்க் நிப்பிள், வாஷரோடு. டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கி, அப்புறம் ஸ்பேனரில் கால் திருப்பு போதும். வாளி பிளாஸ்டிக், அதற்கு மேல் முறுக்கினால் விரிசல்தான்.

மாடித் தளம் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். வாளிகளை அப்படியே தரையில் வைத்தால் ஒன்றில் வேர் மூழ்கும், இன்னொன்றில் காயும். கொத்தனார் பிடிக்கும் தண்ணீர் டியூப் ஒன்றை வைத்து மட்டம் பார்த்து, உடைந்த டைல் துண்டுகளை அடியில் கொடுத்து எல்லா வாளியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீருக்கும், செடி நிற்கும் வலைத்தொட்டியின் அடிக்கும் நடுவே 4, 5 சென்டிமீட்டர் காற்று இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளியில் வளரும் வேர்கள் நேராகக் காற்றிலிருந்தே பிராணவாயு எடுக்கும். கரன்ட் போன நேரத்தில் செடியைக் காப்பாற்றுவது அவைதான்.

கரன்ட் பற்றி இன்னும் இரண்டு. ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரன்ட் போனதும் தண்ணீர் காற்றுக் குழாய் வழியே பின்னால் வந்து மோட்டாரில் இறங்கும். அதேபோல் பம்ப் குழாயின் வாய் கடைசி வாளியில் தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது. முங்கியிருந்தால் பம்ப் நின்றதும் தண்ணீர் டிரம்முக்குப் பின்னோக்கி இழுக்கப்படும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்பை மட்டும் அதில் சேருங்கள். சில வாட் இழுக்கும், அவ்வளவுதான்.

இனி தண்ணீர். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டுத்தான் பெங்களூருக்கு ஏறி வருகிறது. அதைத் தக்காளிக்கு ஊற்றும்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரத்தான் செய்கிறது. ஆனால் மண்ணில் வளர்ப்பதைவிட இதில் தண்ணீர் குறைவாகவே செலவாகும். எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீரின் ஈசி (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் திறன்) 0.4 மில்லிசீமன்ஸ், போர்வெல் 1.1. போர்வெல்லில் பைகார்பனேட் அதிகம், பிஎச்சை (அமில, கார நிலையின் அளவு) மேலேயே இழுத்துக்கொண்டிருக்கும். மழைத் தண்ணீர் கிடைத்தால் போர்வெல்லோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறேன். தனி மழைத் தண்ணீரில் பிஎச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் அது கண்டபடி ஆடும். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஓர் இரவு திறந்த வாளியில் வையுங்கள், கொசு வராமல் மேலே வலை கட்டி.

உரத்தில் ஒரு விதிதான் முக்கியம்: கால்சியம் நைட்ரேட்டை அடர்கரைசலாக மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எப்சம் உப்போடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்தால் வெள்ளையாகப் படிந்து அடியில் தங்கிவிடும், செடிக்குக் கிடைக்காது. அதனால் இரண்டு கேன். ஒன்றில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பு கீலேட்டும். இன்னொன்றில் பொட்டாசியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், எப்சம் உப்பு, நுண்ணூட்டக் கலவை. முதல் கேனிலிருந்து டிரம்மில் ஊற்றி, பம்ப் நன்றாகச் சுற்றிய பிறகு இரண்டாவது. கடையில் 19:19:19 எடுத்துக்கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியா. மண்ணில் பாக்டீரியா அதை மாற்றிக்கொடுக்கும், வாளியில் அந்த வசதி சரியாக இருக்காது.

தக்காளி நாற்றுக்கு ஈசி 1.0 முதல் 1.2, வளரும்போது 1.8 முதல் 2.0, காய் பிடித்தபின் 2.2 முதல் 2.8. பிஎச் 5.5க்கும் 6.5க்கும் நடுவில். இந்த எண்களை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். டிரம்மின் உள்பக்கம் ஒரு கோடு போட்டு, தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் மட்டம், ஈசி, பிஎச் மூன்றையும் காலண்டரில் குறியுங்கள்.

மட்டம் குறைந்து ஈசி ஏறியிருந்தால் செடி தண்ணீரை அதிகம் குடித்து உப்பை விட்டுவைத்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், அடுத்த முறை உரத்தைக் குறையுங்கள். மட்டமும் ஈசியும் சேர்ந்து இறங்கினால் பசி, உரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். மட்டம் இறங்கியும் ஈசி அப்படியே நின்றால் அளவு சரி, கை வைக்காதீர்கள். பிஎச் மெல்ல மேலே ஏறுவது நல்ல சகுனம். செடி நைட்ரேட்டை எடுக்கும்போது அப்படித்தான் ஏறும். 6.3 தாண்டினால் மட்டும் தொடுகிறேன். காரணமில்லாமல் பிஎச் மளமளவென்று சரிந்தால் உடனே மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள்.

பிஎச் இறக்க பாஸ்பாரிக் அமிலம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் அமிலத்தை ஊற்றிப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. நீர்த்ததில் 10 மில்லி விட்டு, அரைமணி நேரம் கழித்து அளந்து, தேவையானால் இன்னொரு 10. எலுமிச்சைச் சாற்றில் இறங்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஏப்ரலில்தான் நிஜமான தலைவலி. தண்ணீர் 18 முதல் 22 டிகிரியில் இருந்தால் உத்தமம், 25ஐத் தாண்டினால் வேரை அழுக வைக்கும் பித்தியம் கிருமிக்குக் கொண்டாட்டம். கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரண்டிலும் இன்னொரு பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். சென்னையைவிட இங்கே குளிர்ச்சி என்று நம்பி ஏர் ஸ்டோனைக் குறைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வையுங்கள். வாளிக்கு வெளியே முதலில் கறுப்பு, மேலே வெள்ளைப் பெயின்ட். கறுப்பு பாசிக்கு, வெள்ளை வெயிலுக்கு. மதியம் ஒரு லிட்டர் பாட்டில் ஐஸ் இரண்டு டிரம்மில் இறக்குகிறேன். “தக்காளிக்கு ஏசியும் மாட்டிடுங்க, எனக்கு ஃபேன் போதும்” என்பது வீட்டம்மாவின் நிரந்தர விமர்சனம், ஃப்ரீசரில் இட்லி மாவுக்கு மேலே என் பாட்டில்கள் இருப்பதால்.

நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். உரத்தின் நிறம் ஏறி லேசாகப் பழுப்பாக இருந்தால் பயமில்லை. இழுத்தால் தோல் உருவி வந்து, சாக்கடை வாடை அடித்தால் அழுகல்தான். அந்தச் செடியைத் தயங்காமல் எடுத்துப் போடுங்கள். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, வாளிகளைத் தேய்த்துக் கழுவி, புதுக் கரைசல் விடுங்கள். அழுகலைத் தடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். இரண்டையும் ஊற்றினால் முதலாவது இரண்டாவதைக் கொன்றுவிடும்.

நோயே இல்லாவிட்டாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுவது நல்லது. செடி எடுக்காத உப்புகள் சேர்ந்துகொண்டே போகும், ஈசி அளக்கும் பேனாவுக்கு அது தெரியாது. பழைய கரைசலை நான் கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஈசியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் அளவு பேனாக்களைக் கொடுக்க வேண்டாம். ஆர்வக்கோளாறில் உரமும் அவனே கலந்துவிடுவான். டிரம்மில் உள்ள கோடு வரை வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், பம்ப் சத்தம் கேட்காவிட்டால் போன் பண்ணச் சொல்லுங்கள்.