இஸுமோ தாய்ஷாவில் வழிபடும் முறை: முதன்முறை செல்வோருக்கு

ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில் உள்ள இஸுமோ தாய்ஷா என்ற ஷின்தோ (ஜப்பானின் பூர்வீகச் சமயம்) ஆலயத்துக்கு முதன்முறை சென்றபோது, வழிபாட்டின் வரிசை தெரியாமல் பாதி இடங்களைத் தவறவிட்டுத் திரும்பினேன். மறுமுறை சென்று சரிசெய்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். தோரீ வாயிலில் தலை தாழ்த்துவதும், கையையும் வாயையும் கழுவுவதும் எல்லா ஷின்தோ ஆலயங்களுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை விளக்கவில்லை.

முதலில், ஆலயத்துக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இனாசா கடற்கரையில் ஒரு பிடி மணல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தைப் பிற ஊர்களில் ‘தெய்வங்கள் இல்லாத மாதம்’ என்பார்கள். இஸுமோவில் மட்டும் அது ‘தெய்வங்கள் இருக்கும் மாதம்’. நாடெங்கும் உள்ள தெய்வங்கள் இக்கரையில் வந்திறங்கி, மனிதர்களில் யாருக்கு யாரோடு உறவு என்பதைக் கூடி முடிவு செய்வதாக நம்பிக்கை. மணலுக்குத் துணிப்பை வேண்டாம், ஈரம் கசிந்துவிடும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையே நல்லது.

அடுத்து, தெற்கே உள்ள பெருவாயிலிலிருந்து நடக்கத் தொடங்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். பேருந்தில் ஆலயத்தின் பக்கவாட்டில் இறங்கி அப்படியே உள்ளே நுழைந்ததால், சரிந்து இறங்கும் நடைபாதை முழுவதையும் இழந்தேன். வாயிலிலிருந்து சன்னதியை நோக்கிப் பாதை கீழே இறங்குவது ஷின்தோ ஆலயங்களில் அரிது. இறங்கும்போது வலப்புறத்தில் ஹராஏ நோ யாஷிரோ என்ற மிகச் சிறிய சன்னதி வரும். உடலையும் மனத்தையும் தூய்மை செய்யும் தெய்வங்கள் அங்கே இருப்பதால், அங்கு வணங்கிய பிறகே மேற்கொண்டு செல்வது மரபு. பைன் மரங்களுக்கு நடுவே செல்லும் பாதையில், வேர்களைக் காப்பதற்காக நடுப்பகுதியை விட்டு ஓரங்களில் நடக்க வேண்டும்.

வணங்கும் முறை: இரு முறை குனிந்து, நான்கு முறை கைதட்டி, ஒரு முறை குனிவது. பெரும்பாலான ஆலயங்களில் இரண்டு தட்டுகளே என்பதால், நானும் இரண்டோடு நிறுத்திக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற மூதாட்டியின் மூன்றாவது, நான்காவது தட்டுகள் என் தலைக்கு மேலே கேட்டன. மே 14 அன்று நடக்கும் பெருவிழாவில் எட்டு முறை தட்டுவார்கள்.

வழிபாட்டு மண்டபத்தைத் தாண்டியதும் தரையைக் கவனியுங்கள். மூன்று வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் வரையப்பட்டிருக்கும். ஆட்சியை விட்டுக்கொடுத்த ஓகுனிநுஷிக்கு, அதாவது இந்த ஆலயத்தின் மூலத் தெய்வத்துக்கு, ஈடாக மாபெரும் மாளிகை எழுந்ததாக 712ஆம் ஆண்டின் கோஜிகி என்ற பழம்புராண நூல் சொல்கிறது. 1744இல் கட்டப்பட்ட இன்றைய கருவறையின் உயரம் 24 மீட்டர்; முன்பு 48 மீட்டர் இருந்தது என்ற வழக்கைப் பலர் நம்பவில்லை. 2000ஆம் ஆண்டில், மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டிய, மூன்று மீட்டர் அகலத் தூண்களின் அடிப்பகுதிகள் இந்த வட்டங்கள் உள்ள இடத்தில் கிடைத்தன. அவை 1248ஆம் ஆண்டுக் கட்டடத்தைச் சேர்ந்தவை என்று கருதப்படுகிறது. அவ்வளவு உயரம் உண்மைதானா என்பது அதனால் முடிவாகிவிடவில்லை என்றாலும், அந்த வட்டத்தின் அருகே நின்றால் வெறும் கதை என்று தள்ளிவிடத் தோன்றாது.

பிறகு கருவறையை வலப்புறமாகத் தொடங்கிச் சுற்றுங்கள். பின்னால் உள்ள ஸொகா சன்னதியின் மணற்பெட்டியில் நீங்கள் கொண்டுவந்த மணலை இட்டு, அங்கே ஏற்கெனவே உள்ள உலர்ந்த மணலை அதே அளவில் எடுத்துக்கொள்ளலாம். மேற்குப் பக்கம் வந்ததும் மீண்டும் நின்று வணங்குங்கள்: கட்டடம் தெற்கு பார்த்திருந்தாலும் உள்ளே தெய்வம் மேற்கு நோக்கியே அமர்ந்திருக்கிறது.

பின்சேர்க்கை: சுமார் 13 மீட்டர் நீளமுள்ள வைக்கோல் வடம் தொங்கும் ஒரு கட்டடத்தின் படத்தை அனுப்பி, “இதுதானே கருவறை?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அது மேற்கே தனியாக உள்ள காகுரா (தெய்வங்களுக்கான இசை நடனம்) மண்டபம். நாணயத்தை எறிந்து அந்த வடத்தில் செருகினால் நல்லது என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். ஆலயம் அதை அனுமதிப்பதில்லை. காணிக்கைப் பெட்டிக்கு ஐந்து யென் நாணயம் போதும். ஜப்பானிய மொழியில் ‘ஐந்து யென்’ என்பதும் ‘உறவு’ என்பதும் ‘கோஎன்’ என்றே ஒலிப்பதால், அதைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.