சோலைக்காட்டில் குருவிக் கணக்கெடுப்பு: நான் செய்த தவறுகளைத் திரும்பச் செய்யாதீர்கள்

கொடைக்கானல் மலையின் சோலைக்காடுகளில், அதாவது மலையுச்சிப் பசுமைமாறாக் காடுகளில், சிறு பறவைகள் கூடு கட்டும் கோடை மாதங்களில் புதிய தன்னார்வலர்களோடு நடக்கும்போதெல்லாம், என் பழைய தவறுகள் வேறு முகங்களோடு எதிரே வருவதுபோல் இருக்கிறது. பைனாகுலரை மறப்பது, பளிச்சென்ற சட்டை அணிவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை; அவை ஒரே காலையில் தாமாகத் திருந்திவிடும்.

வாழிடப் பத்தியில் 'காடு' என்று எழுதுவது

படிவத்தின் முன்பக்கத்தில் பறவைகளை நுணுக்கமாகக் குறித்துவிட்டு, பின்பக்கத்து வாழிட விவரங்களை ஜீப்பில் திரும்பும்போது நினைவிலிருந்து நிரப்புவோம். 2018ஆம் ஆண்டுக் கோடையில் நானும் அப்படித்தான் செய்தேன். நின்று பறவைகளை எண்ணும் பன்னிரண்டு இடங்களுக்கும், அதாவது புள்ளிகளுக்கும், 'காடு, அடர்த்தி' என்று ஒரே விடை. அவ்வாண்டு நவம்பரில் கஜா புயல் மலையைப் புரட்டிப்போட்டது. மறு கோடையில் நான்கு புள்ளிகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்ற சிறு பறவையின் (பெயரில்தான் கிளி) குரலே இல்லை. விழுந்த மரங்களை அதற்குள் அறுத்து எடுத்திருந்தார்கள். அங்கே முன்பு நின்றது சோலை மரமா, தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட சீகையா (வாட்டில் மரம்), அடியில் புதர் எவ்வளவு இருந்தது என்ற எந்தக் கேள்விக்கும் என் படிவத்தில் விடை இல்லை. ஒரு பருவத்து உழைப்பு ஒப்பிட வழியின்றிப் போனது. அந்தத் தாள்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் போன்ற பறவை பெரும்பாலும் நம் தலை உயரத்துக்குக் கீழேயே வாழ்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் உலர்ந்த இலைகளால் பந்துபோல் கூடு கட்டும். அதற்கு மேலே விரிந்த மரத்தைவிடக் கீழே உள்ள புதரே முக்கியம். ஆகவே சோலைக் கன்றுகள் அடியில் தழைத்த ஒரு சீகைத் தோப்பில் அது இருக்கலாம். மாடு மேய்ந்து தரை தெரியும் அசல் சோலையில் இல்லாமல் போகலாம். தொலைவிலிருந்து இரண்டும் ஒரே பச்சைதான்.

எண்ணி முடித்ததும், இடத்தைவிட்டு நகருமுன், முழங்கால், இடுப்பு, தலை உயரங்களில் புதரின் அடர்த்தி, மேலே நிற்கும் மரவகை, சருகின் ஆழம், ஓடை, விறகு வெட்டிய தடம் ஆகியவற்றை எழுதி, நான்கு திசைகளிலும் ஒவ்வொரு படம் எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

பாடினால் கூடு இருக்கும் என்று முடிவு கட்டுவது

குளிர்காலத்தைக் கழிக்க வந்து, இங்கே கூடு கட்டாமல் வடக்கே திரும்பவிருக்கும் கதிர்க்குருவிகளும் ஏப்ரலில் இங்கே பாடுவதுண்டு. குரலைக் குரல் என்று மட்டும் பதியுங்கள். பாதையோர மண்சரிவின் பொந்திலிருந்து நீலகிரி ஈப்பிடிப்பான் ஒன்று, குஞ்சின் எச்சப்பையை வெள்ளை உருண்டையாக அலகில் கவ்வி வெளியே வந்து, தள்ளிப்போய் உதறியதை ஒருமுறை பார்த்தேன். அதுதான் சான்று.

கிளையை விலக்கிக் கூட்டைப் பார்ப்பது

அண்டங்காக்கை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்; நீங்கள் நகர்ந்ததும் முட்டையைத் தேடி அந்தக் கூட்டுக்கு வந்துவிடும்.

பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவது

வேண்டாம்.

நீலகிரிப் பறவையின் பெயரைப் பழநி மலைக்குக் கொண்டுவருவது

நீலகிரிச் சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ளது. பழநி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலில் நாம் காண்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பெயரை மாற்றி எழுதினால், அது எங்கோ புதிதாகப் பரவியதுபோல் வரைபடத்தில் ஒரு பொய்ப்புள்ளி முளைக்கும்.

வெறுமையாக இருந்த புள்ளியை வெற்றிடமாக விடுவது

மூடுபனியில் பத்து நிமிடம் நின்றும் ஒன்றும் கேட்காமல் திரும்பிய ஒரு மாணவர், எழுத எதுவுமில்லை என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். போகாத புள்ளியும் போய்க் காணாத புள்ளியும் தாளில் அப்போது ஒன்றாகிவிடும். சுழியம் போட்டு, தொடங்கிய நேரத்தையும் மூடுபனியையும் அருகே எழுதச் சொன்னேன். வாழிடப் பக்கத்தையும் அங்கேயே நிரப்பிய பிறகே அடுத்த புள்ளிக்கு நடந்தோம்.