கல்யாண டிவிடியைக் கணினியில் ஏற்றினால் படம் ஏன் கெடுகிறது, கெடாமல் ஏற்றுவது எப்படி

தீபாவளிக்கு முன்னால் சிங்கப்பூர் வீட்டில் சாமான் போட்டு வைக்கும் பாம் ஷெல்டர் அறையை ஒழுங்குபடுத்தியபோது அக்கா கல்யாண டிவிடி கிடைத்தது. 2006ல் சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் நடந்த கல்யாணம். இப்போது வீட்டில் இருக்கும் எந்த லேப்டாப்பிலும் டிவிடி போட வழியில்லை, அதனால் சிம் லிம் ஸ்குவேரில் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி வந்து, ஏதோ ஓர் இலவச கன்வர்ட்டரில் '1080பி எச்டி' என்று இருந்ததை அமுக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் தாலி கட்டும் இடத்தில் அட்சதையையே காணோம். அரிசி பறக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் சதுரங்கள் நடுங்கின, அம்மாவின் பட்டுப்புடவைக் கரை தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி இருந்தது. அதே டிவிடியை நேராக ஓட்டினால் அரிசி அரிசியாகத்தான் தெரிகிறது.

டிவிடியிலிருந்து எடுப்பதால் படம் கெடாது. எடுத்ததை மறுபடி என்கோட் செய்வதால்தான், அதாவது புதிதாகச் சுருக்கிப் பதிவதால்தான், கெடுகிறது. டிவிடியில் இருப்பதே ஏற்கெனவே எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம், அந்தக் காலத்தில் நம் ஊர் டிவிக்கு இருந்த பால் (PAL) முறையில் 720க்கு 576 புள்ளி. அப்போது தூக்கிப் போட்ட விவரம் திரும்பி வரப்போவதில்லை, இன்னொரு முறை சுருக்கினால் மிச்சம் இருப்பதிலும் கொஞ்சம் போகும். 1080பி ஆக்கினால் புதிதாக எதுவும் முளைக்காது, அதே கொஞ்சம் மாவில் பெரிய தோசை வார்ப்பதுதான்.

அதனால் முதல் வேலை, மேக்எம்கேவி (MakeMKV) என்ற மென்பொருள். டிவிடிக்கு அது இலவசம். படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே எம்கேவி கோப்புக்கு மாற்றி வைக்கும், ஒரு புள்ளிகூடக் குறையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரண்டு நிமிடத்துக்குக் குறைவான பகுதிகளை அது தானாகவே விட்டுவிடும், எனவே செட்டிங்கில் அந்தக் குறைந்தபட்ச நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாலை மாற்றும் துண்டு போய்விடலாம். (நான் சொல்வது சொந்த வீட்டு டிவிடிக்கு. கடையில் வாங்கிய படங்களில் பூட்டு இருக்கும், அது வேறு கதை.) இந்தக் கோப்புதான் மூலம், இதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இடம் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், சாதாரண டிவிடி ஒன்று மொத்தமே 4.7 ஜிபிதான்.

அப்புறம், வீடியோ எடுத்தவர் எத்தனை மணி நேரத்தை ஒரே டிவிடியில் அடைத்திருக்கிறார் என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் என்றால் படத்தின் ஒரு நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் தகவல் கிடைத்திருக்கும், பரவாயில்லை. நான்கு மணி நேரம் என்றால் அதில் பாதிதான், அட்சதை அங்கேயே கரைந்திருக்கும், நீங்கள் என்ன செய்தாலும் வராது. அப்படி இருந்தால் கேமராவில் போட்டு எடுத்த மினி டிவி (MiniDV) கேசட் யாரிடமாவது இருக்கிறதா என்று சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேசட்டில் நொடிக்கு 25 மெகாபிட்.

சிறிய கோப்பு வேண்டுமா, ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருள் போதும். ஆனால் முதலில் தவில்காரர் கை வேகமாக அசையும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். விரல்கள் சீப்புப் பல் மாதிரி வரி வரியாகப் பிரிந்து தெரிந்தால் அது இன்டர்லேஸ் படம்: ஒற்றை வரிகள் ஒரு கணத்தில் எடுத்தவை, இரட்டை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து எடுத்தவை. இதைக் கவனிக்காமல் என்கோட் செய்தால் அந்தச் சீப்புப் பல் படத்திலேயே பதிந்துவிடும், படத்துக்கு ஒதுக்கிய பிட்டையும் அதுவே தின்றுவிடும். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸில் பிடபிள்யூடிஃப் (Bwdif), அதில் 'பாப்' (Bob, இரண்டு பாதிகளையும் தனித்தனிப் படமாக்குவது) தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, 50 ஆக்குங்கள். பலர் கோட்டை விடுவது இந்த ஃபிரேம் ரேட்டில்தான், ஏனென்றால் ஹேண்ட்பிரேக்கின் 576பி பிரிசெட் (தயாராக வரும் செட்டிங்) அதை 25ல் கட்டிப் போட்டிருக்கும், பாப் போட்டும் பாதி அசைவு போய்விடும்.

தரத்துக்கு ஆர்எஃப் என்ற ஸ்லைடர். எண் குறையக் குறைய படம் நன்றாக இருக்கும், கோப்பு பெரிதாகும். டிவிடி அளவுக்கு 18 முதல் 22 வரை என்பது பொதுவான கணக்கு, நான் 18 வைப்பேன், அட்சதையும் ஜரிகையும் கேட்கும் பிட்டைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கோப்பு இத்தனை எம்பிதான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே கட்டுப்படுத்தாதீர்கள், நான் அடி வாங்கியது அதில்தான். அகலம் உயரத்தைத் தொடாதீர்கள், முகங்கள் ஒல்லியாகவோ குண்டாகவோ ஆகிவிடும். ஒலியை 'பாஸ்த்ரூ' (மறுபடி சுருக்காமல் அப்படியே எடுப்பது) வைத்தால் நாதஸ்வரம் அப்படியே வரும். மொத்தத்தையும் ஓட்டுவதற்கு முன் அட்சதை விழும் ஒரு நிமிடத்தை மட்டும் என்கோட் செய்து பாருங்கள், அது தேறினால் மற்றதெல்லாம் தேறும்.

சின்னக் கோப்பில் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் அதையே மறுபடி சுருக்காதீர்கள், எம்கேவிக்குத் திரும்பிப் போய் அதிலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை நசுக்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். தேக்காவில் இருக்கும் பெரியம்மாவுக்கு நான் தம்ப் டிரைவில் போட்டு டிவிக்குப் பின்னால் செருகிக் கொடுத்தேன். அட்சதை, ஜரிகை எதையும் அவர் கவனிக்கவில்லை. "பந்தியில நான் வடையைக் கடிக்கிற நேரம் பார்த்தா அந்தக் கேமராக்காரன் எடுக்கணும்?" என்றுதான் கேட்டார்.