வைட்டமின் மாத்திரைக்கு எஃப்.எஸ்.ஏ. பணம் கிடைத்த கதை

அமெரிக்காவில் என் சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே எஃப்.எஸ்.ஏ. மருத்துவக் கணக்குக்குப் பணம் பிடிக்கிறார்கள். அந்தக் கணக்குக்குத் தந்த அட்டையில் வைட்டமின் டி மாத்திரை வாங்கினேன். கணக்கை நிர்வகிப்பவர்கள் செலவை ஏற்க மறுத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவரே சாப்பிடச் சொன்ன மாத்திரை அது! கோபம் வந்தது. வரித்துறையின் 502-ஆம் எண் வெளியீட்டைப் படித்ததும்தான் காரணம் புரிந்தது. பொதுவான உடல்நலத்துக்கு வாங்கும் வைட்டமின் செல்லாது. மருத்துவர் கண்டறிந்த குறிப்பிட்ட நோய்க்குச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தால் செல்லும்.

மருத்துவரிடம் கடிதம் கேட்டேன். குறைபாட்டின் பெயர், மாத்திரையின் அளவு, எத்தனை மாதம் என எல்லாவற்றையும் எழுதித் தந்தார். மாத்திரையின் பெயர் அச்சான கடை ரசீதையும் சேர்த்து அனுப்பினேன். தொகை மட்டும் உள்ள அட்டைச் சீட்டு போதாது, இதை மறக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் 12 மாதத்துக்குத்தான் செல்லும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே புதியதைக் கேட்டு வாங்கப்போகிறேன்.