'கிரிட்டிக்கல்' என்ற சொல் பச்சை நிறத்தில் வந்தால்: சோதனைக் கட்டளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர்களையும் சேவைகளையும் கண்காணிக்கும் மென்பொருளான நாகியோஸுக்கு முதன்முதலாகச் சொந்தச் சோதனைக் கட்டளை எழுதிய ஒருவர், அண்மையில் தன் ஸ்கிரிப்டை என்னிடம் காட்டினார். பத்தாவது வரியிலேயே என் பழைய தவறு அப்படியே கிடந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன். வரையறுக்காத கட்டளைப் பெயர், மூடாத அடைப்புக்குறி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அமைப்புக் கோப்பைச் சரிபார்க்கும்போது நாகியோஸே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சொல் ஒன்று, எண் வேறொன்று

ஸ்கிரிப்ட் அச்சிடும் சொற்களை வைத்து நாகியோஸ் நிலையைத் தீர்மானிப்பதில்லை. அது முடியும்போது திருப்பித்தரும் எண்ணை வைத்தே தீர்மானிக்கிறது. 0 சரி, 1 எச்சரிக்கை, 2 அபாயம், 3 தெரியவில்லை. எல்லோரும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். பிறகும் சறுக்குவார்கள்.

நான் சறுக்கியது, காப்புப்பிரதிகளின் வயதைப் பார்க்கும் ஸ்கிரிப்டில். கோப்புப் பட்டியலை பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் '|' குறி) வழியாக, வரிவரியாகத் திரும்ப ஓடும் ஒரு வைல் லூப்புக்குள் அனுப்பினேன்; பழைய கோப்பு தென்பட்டதும் 'கிரிட்டிக்கல்' என்று அச்சிட்டு எக்சிட் 2 கொடுத்தேன். ஸ்கிரிப்டை இயக்கும் பாஷ் ஷெல்லில் பைப்புக்குப் பின் வரும் லூப், இயல்பாகத் தனிக் கிளை ஷெல்லில் ஓடுகிறது. என் எக்சிட் அந்தக் கிளையை மட்டும் முடித்தது. தாய் ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடி, கடைசி வரியில் இருந்த எக்சிட் 0-ஐத் திருப்பித்தந்தது. திரையில் 'கிரிட்டிக்கல்' என்ற சொல், எல்லாம் சரி என்று காட்டும் பச்சை வரிசையில்! யாருக்கும் அறிவிப்பு போகவில்லை. ஒரு தரவுத்தளத்தை மீட்க வேண்டிய நாளில்தான், மூன்று வாரமாகக் காப்புப்பிரதியே எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

லூப்புக்குள் ஒரு மாறியில் நிலையைச் சேமித்து, வெளியே வந்து படிப்பதும் உதவாது. கிளை ஷெல்லோடு அந்த மதிப்பும் போய்விடும். பைப்பை எடுத்துவிட்டு, பட்டியலை ஒரு கோப்பிலிருந்து நேராக லூப்புக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு பழைய கோப்பை வைத்து ஓட்டுங்கள். உடனே, திரும்பிவந்த எண்ணைக் காட்டும் 'எக்கோ $?' கொடுத்து 2 வருகிறதா என்று பாருங்கள். எல்லாம் நலமாக இருக்கும்போது மட்டும் ஓட்டிப் பார்த்த கட்டளையை, சோதித்த கட்டளையாக நான் ஏற்பதே இல்லை.

ரூட்டாக ஓட்டிப் பார்ப்பது

எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டில் எல்லாம் ஓடும். ஆனால் ஸ்கிரிப்ட் உருவாக்கும் தற்காலிகக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். பின்னர் நாகியோஸ் பயனரால் அதில் எழுத முடியாது. முதல் சோதனையிலிருந்தே அந்தப் பயனராக ஓட்டுங்கள். கட்டளைகளுக்கு முழுப் பாதையைக் கொடுங்கள்.

127, 126

திரும்பிவரும் எண் 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் அதை இயக்க முடியவில்லை. 126 வந்தால் முதலில் அனுமதியைப் பாருங்கள்.

டாலர் குறி

நாகியோஸின் கட்டளை வரையறையில் டாலர் குறியை இரட்டையாக ($$) எழுதுங்கள். ஒற்றை டாலரை நாகியோஸ் மேக்ரோவாக, அதாவது தானே மதிப்பை நிரப்ப வேண்டிய இடமாக, எடுத்துக்கொள்ளும்.