காட்டன் மேத்தரைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

முதலில் ஊர்க் குழப்பம். இது மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம். 1692-இல் அங்கே சூனியம் செய்ததாக 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் கதை வரும் இடத்திலெல்லாம் பாஸ்டனின் பியூரிட்டன் (கட்டுப்பாடான புராட்டஸ்டன்ட் பிரிவு) போதகர் காட்டன் மேத்தர், பெண்களை உயிரோடு எரித்த நீதிபதியாக வந்து நிற்பார். அவர் நீதிபதியே இல்லை. அங்கே யாரையும் எரிக்கவும் இல்லை.

சரி, அப்படியானால் அவர் கை சுத்தம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். 'அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது' என்கிற மாதிரிச் சாட்சியத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று மே மாதம் ஒரு நீதிபதிக்கு எழுதியவர்தான், ஜூனில் போதகர்கள் சார்பில் எழுதிய கடிதத்தில் அதே எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு, வழக்குகளை வேகமாக நடத்துங்கள் என்று முடித்தார். ஆகஸ்டில், சூனியக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஜார்ஜ் பரோஸ் தூக்குமேடையில் நின்று கர்த்தருடைய ஜெபத்தைப் பிசகாமல் சொன்னார். சூனியக்காரனால் அது முடியாது என்பது அன்றைய நம்பிக்கை, அதனால் கூட்டம் கலங்கியது. பிசாசு ஒளியின் தூதன் வேடமும் போடும் என்று குதிரைமேல் இருந்தபடி சொல்லிக் கூட்டத்தை அடக்கியவர் மேத்தர் என்று, அவரைக் கடுமையாகச் சாடிய ராபர்ட் கேலெஃப் எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் அந்தத் தீர்ப்புகளுக்கு வக்காலத்து வாங்கி ஒரு புத்தகமும் போட்டார்.

படிக்காத பட்டிக்காட்டுப் போதகர் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர், தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கே கடிதம் போட்டவர்.

1721-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவி 844 பேர் இறந்தார்கள். அம்மைப் பாலை எடுத்து நல்ல உடம்பில் கீறி வைக்கும் முறையை மேத்தர் வலியுறுத்த, மருத்துவர் பாய்ல்ஸ்டன் 240 பேருக்கு மேல் செய்து பார்த்தார். 6 பேர்தான் இறந்தார்கள். ஊரே கொதித்தது, மேத்தர் வீட்டுக்குள் வெடிகுண்டு எறிந்தார்கள். இதைத் தடுப்பூசி என்று எழுதாதீர்கள், மாட்டம்மையை வைத்துத் தடுப்பூசி போட்ட ஜென்னர் வந்தது 1796-இல்.

நல்லது பாதி, கெட்டது பாதி என்று தராசில் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு இடத்திலும் அதே மனிதர்தான், பிறர் சொல்லும் விசித்திரமான அனுபவத்தைச் சேகரித்து நம்புகிறவர். ஆப்பிரிக்காவில் தனக்கே இப்படி அம்மைப் பால் வைத்தார்கள் என்று அவரிடம் தழும்பைக் காட்டியவர் அவருடைய அடிமை ஒனேசிமஸ். இவரை விட்டுவிட்டு எழுதுவதுதான் பெரிய தவறு. அந்தப் பெயரும் பைபிளில் வரும் அடிமையின் பெயர், மேத்தர் வைத்தது. ஒனேசிமஸின் சொந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.