காலிபர் மாற்றியும் பின்சக்கரம் பிடிக்கிறதா?

பைக்கின் பின் டிஸ்க்குக்குப் புதுக் காலிபர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) போட்ட பிறகும் பிரேக் விடாமல் சக்கரம் பிடித்தால், உடனே அதைக் கழற்றாதீர்கள். பிடித்திருக்கும்போதே பார்த்தால்தான் காரணம் தெரியும். தண்டையார்பேட்டையில் என் பட்டறைக்கு இந்தக் கோளாறோடு வருகிறவர்கள் பலர் கையில் இரண்டாவது காலிபரோடுதான் வருகிறார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் தேவையே இல்லை.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேட் லேசாக உரசுகிற சத்தம் இருக்கத்தான் செய்யும். பெடலை மிதித்து விட்டதும் சக்கரம் இறுகியே இருந்தால், காலிபரில் பிரேக் ஆயிலை வெளியே விடுகிற ப்ளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. விடுபடாவிட்டால் காலிபர் நகர்கிற ஸ்லைடிங் பின், பேட், பேடைத் தள்ளும் பிஸ்டன் இவற்றில் ஏதோ இறுகியிருக்கிறது.

அழுத்தம்தான் என்றால் முதலில் பெடலுக்குக் கீழே பாருங்கள். காலிபர் மாற்றுகிற கையோடு பெடல் உயரத்தையும் திருகிவிடுவது வழக்கமாக நடக்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரை (ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) தள்ளுகிற கம்பிதான் புஷ் ராட். அதற்குக் கொஞ்சமாவது ஆட்டம் வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற சின்ன ஓட்டை அடைபட்டே இருக்கும். காலையில் ராயபுரத்தில் கிளம்பும்போது வண்டி நன்றாகத்தான் ஓடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மிதித்து மிதித்துப் போகையில் ஆயில் சூடாகி விரியும். திரும்ப வழியில்லாமல் பேடைத் தள்ளும். டீ குடித்துவிட்டு வந்தால் சூடு தணிந்து சக்கரம் சுற்றும். இப்படிச் சூட்டில் பிடித்து ஆறினால் விடுகிற வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் புஷ் ராட் மேல்தான்.

அங்கே ஆட்டம் சரியாக இருந்தால், மறுபடி மிதித்துப் பிடிக்க வைத்து, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸை மாட்டியிருக்கும் போல்ட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது, மாற்றிவிடுங்கள். இரண்டு சோதனைக்கும் பிறகு ஆயிலில் புகுந்த காற்றை எடுப்பது கட்டாயம். ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் விடாத வண்டிகளில், புதுக் காலிபரை, அதைத் தாங்குகிற பழைய பிராக்கெட்டிலேயே மாட்டியிருப்பார்கள். காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் ஸ்லைடிங் பின் துருப்பிடித்து, காலிபர் நகராது. துருவைத் தேய்த்து சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும், ஸ்லைடிங் பின் மறுபடி இறுகும். பின்சக்கர ஆக்ஸிலில் புஷ்கள் (இடைவெளிக்குப் போடும் குழாய்த் துண்டுகள்) இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாறினால் டிஸ்க் நடுவில் உட்காராது.

பிடிக்கிற பிரேக்கோடு ஓட்டவே ஓட்டாதீர்கள். ஈரம் ஏறிய டாட் 4 ரக பிரேக் ஆயில் 155 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் அடியோடு இறங்கிவிடும், முன்னால் கன்டெய்னர் நிற்கும்.

சரிசெய்த பிறகு, ஞாயிறு காலை ஆளில்லாத தெருவில் பின் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இறங்கி டிஸ்க்கில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் இன்னும் பிடிக்கிறது. மறுபடி புஷ் ராடிலிருந்து பாருங்கள்.